கேள்வியா, விசாரணையா?

"வெள்ளிக்கிழமைகளிலே பள்ளிவாசலுக்குள் என்னதான் பேசுகிறார்கள்?"

இக்கேள்வி இன்று வன்னியிலே ஆசிரியர் அறைகளிலும் தேநீர்க் கடைகளிலும் பஸ் தரிப்பிடங்களிலும் கேட்கப்படுகிறது. இதன் பின்னே வேறு சிலவும் வரிசையாக வரும். ஏன் அறபில் ஓதுகிறார்கள்? ஒரே பெருநாளை ஏன் இரண்டு நாட்களிற் கொண்டாடுகிறார்கள்? ஹஜ்ஜுப் பெருநாளில் ஏன் மாடு அறுக்கிறார்கள்? பெண்களை ஏன் பள்ளிக்குள் விடுவதில்லை? கேட்பவர் பெரும்பாலும் படித்தவராகவே இருப்பார். பதில் சொல்லக்கூடிய முஸ்லிம் ஆசிரியர் அடுத்த மேசையிலே இருப்பார். எனினும் அவரிடம் எவரும் கேட்பதில்லை. அவர் எழுந்து சென்ற பின்னரே கேட்கிறார்கள்.

தமிழிலே 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வினாவுதல் ஒன்று, செவிமடுத்தல் மற்றொன்று. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கு இச்சொல்லையே தலைப்பாக இட்டார். அங்கே அவர் பேசுவது செவியால் அறிவு பெறுவதைப் பற்றி. வினாவியவன் விடையைச் செவிமடுக்கவும் வேண்டும் என்ற உண்மை நம் மொழியின் ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆனால் இன்று நாம் முதற்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டுவிட்டோம். விடைக்குச் செவி கொடாத வினாவுக்குப் பெயர் கேள்வியன்று, விசாரணை. அதைச் செய்வதற்குப் பொலிஸ் நிலையங்கள் இருக்கின்றன. அயலவர் செய்யவேண்டிய தொழில் அது அன்று.

முதலாவது கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் வழக்கமான நான்கு றக்அத்துத் தொழுகைக்குப் பதிலாக இரண்டு றக்அத்துத் தொழுகிறார்கள். அதற்கு முன் நிகழும் பேருரையே குத்பா. இரண்டு பகுதிகளாக அமைந்த இவ்வுரையின் நடுவிலே பேசுபவர் சற்று அமர்ந்து எழுவார். பல ஊர்களில் அவர் கையிலே ஒரு கோலைப் பற்றியவாறு மிம்பரின் படியில் நின்று பேசுவது வழக்கம். அவ்வேளையிலே சபையில் எவரும் வாய் திறத்தலாகாது; பேசுகின்ற ஒருவரைப் பார்த்து 'பேசாதிரும்' என்று சொல்வதுகூட வீண்பேச்சாகவே கருதப்படும். பெருநாட்களிலோ முறை மாறும். தொழுகை முந்தும், குத்பா பிந்தும்.

இலங்கை முஸ்லிம்களுட் பெரும்பான்மையோர் ஷாபிஈ வழியினர். அவ்வழியிலே குத்பாவுக்கு ஐந்து கூறுகள் இன்றியமையாதன: இறைவனைப் புகழ்தல், நபியின்மீது வாழ்த்துரைத்தல், இறையச்சத்தை வலியுறுத்தல், குர்ஆன் வசனமொன்றை ஓதுதல், மக்களுக்காகப் பிரார்த்தித்தல். இவ்வைந்தும் அறபில் அமையும். எஞ்சிய விரிவுரை கேட்போர் மொழியிலே நிகழலாம். நம் நாட்டுப் பள்ளிவாசல்களிற் பெரும்பாலானவற்றில் அவ்விரிவுரை தமிழிலேயே நிகழ்கிறது. பள்ளியின் முன்னே வீதியில் நின்றாலே பல ஊர்களில் அது காதில் விழும். ஆகவே, 'என்ன பேசுகிறார்கள்' என்று கேட்கும் அன்பரிடம் நாம் திருப்பிக் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: உமக்குத் தமிழ் விளங்காதா?

அறபு பற்றிய கேள்வியோ இன்னும் விநோதமானது. அதை எழுப்புபவர் அன்று மாலையே கோவிலுக்குச் சென்று, தமக்கு ஒரு சொல்லும் விளங்காத வடமொழி அர்ச்சனையைக் கைகூப்பிக் கேட்டுவிட்டு வருகிறார். அவருடைய பக்தியை நான் குறைகூறவில்லை. விளங்காத மொழியிலும் மனம் தோய்வது மனித இயல்பு. ஆனால் தமக்குள்ள அந்த இயல்பை அயலவனிடம் காணும்போது மட்டும் அதைச் சந்தேகத்துக்குரிய இரகசியமாகக் கொள்வது எவ்வகை நியாயம்?

சைவர்களாகிய நமக்கும் வெள்ளிக்கிழமைப் பேச்சு புதியதன்று. 1847 டிசம்பர் 31 ஒரு வெள்ளிக்கிழமை. அன்றுதான் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன்கோவிலிலே தமது முதற் பிரசங்கத்தைத் தொடங்கினார். பின்னர் வெள்ளிக்கிழமை தோறும் அது நிகழ்ந்தது. கிறித்தவப் பாதிரிமார் பொதுச்சபையில் நின்று மக்கள் மொழியிற் பேசும் முறையை அவர் அருகிருந்து கண்டவர். மாற்றாரிடமிருந்து அம்முறையைக் கற்றுக்கொள்ள அவர் நாணவில்லை. தமிழ் உரைநடை வளர்ந்ததும் மேடைத்தமிழ் பிறந்ததும் இத்தகைய கற்றல்களினாலேயே. நாவலரின் பிரசங்கத்தைத் தமிழின் பெருமையென்று வகுப்பறையிலே நாம் கற்பிக்கிறோம். அதே வெள்ளிக்கிழமையில், அதே தமிழில், நமது வீதியின் அப்புறத்தே நிகழும் மற்றொரு பிரசங்கத்தைச் சதியாலோசனை என்று ஐயுறுகிறோம். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவது எப்படி?

'2019 ஏப்ரில் 21-ஐ மறந்துவிட்டீரோ' என்று சிலர் சினப்பர். மறக்கவில்லை. ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 260-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் மாண்டவருட் பலர் தமிழ்க் குழந்தைகள். அக்கொலையைச் செய்தவர்களின் தலைவன் தமிழிலே நச்சுப் பிரசங்கம் செய்தவன் என்பதும் உண்மை. ஆனால் இவ்வுண்மையின் மறுபாதியையும் சொல்லவேண்டும். அவன் பேச்சுக்கள் இரகசியமானவை அல்ல. இணையத்தில் எவரும் கேட்கக்கூடியனவாக இருந்தன. 2017 மார்ச்சிலே காத்தான்குடியில் அவனுடைய குழுவினர் வேறொரு முஸ்லிம் பிரிவினரோடு மோதினர். அதன் பின்னரே அவன் தலைமறைவானான். அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்களுட் காத்தான்குடி முஸ்லிம்களும் இருந்தனர். தமிழ் விளங்கிய அயலவன் செவிமடுத்தான், எச்சரித்தான். செவிமடுக்க வேண்டிய கடமையுடைய அரசு செவிமடுக்கவில்லை.

அதன் பின் என்ன நடந்தது? ஏப்ரில் 26-ஆந் தேதி வெள்ளிக்கிழமை, அச்சத்தின் காரணமாகப் பல பள்ளிகளில் ஜும்ஆ நிகழவில்லை; வீட்டிலேயே தொழுமாறு மக்கள் கேட்கப்பட்டனர். மே மாதத்தில், பள்ளிகளிலே நிகழும் உரைகளின் ஒலிப்பதிவுகளை ஒப்படைக்குமாறு முஸ்லிம் சமய விவகார அமைச்சிலிருந்து பணிப்புரை வந்தது. அதே மாதம் வடமேல் மாகாணத்திலே முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் கும்பல்களினால் தாக்கப்பட்டன. முறையிட்டபோது காது கொடாத அரசு, எல்லாம் முடிந்தபின் ஒலிப்பதிவு கேட்டது. இதைத்தான் விசாரணை என்கிறேன். நமது தேநீர்க் கடைக் கேள்விகள் அவ்விசாரணையின் எதிரொலிகள் அன்றி வேறல்ல.

அதிகாரம் குத்பாவின்மீது கண்வைப்பது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. முற்காலத்தில் எந்த மன்னன் பெயர் குத்பாவிலே சொல்லப்படுகிறதோ அவனே அந்நாட்டின் ஆட்சியாளன் என்பது வழக்கு. நாணயத்திற் பெயர் பொறிப்பதற்கு அது நிகர். 14-ஆம் நூற்றாண்டில் மாலைதீவிலே காதியாராகப் பணிபுரிந்த இப்னு பதூதா, அங்கே சுல்தானா கதீஜாவின் பெயர் குத்பாவிலே சொல்லப்பட்டதைக் குறித்திருக்கிறார். அதற்கும் முற்பட்ட செய்தி ஒன்று ஹதீஸ் நூல்களில் உண்டு. மதீனாவின் ஆளுநரான மர்வான், பெருநாள் தொழுகை முடிந்ததும் மக்கள் தம் பேச்சைக் கேளாது கலைந்து செல்வதைக் கண்டு, குத்பாவைத் தொழுகைக்கு முன்னே தள்ளினார். நபித்தோழர் அபூ ஸயீத் மிம்பரில் ஏறச்சென்ற அவரது ஆடையைப் பற்றி இழுத்து, நீர் முறையை மாற்றிவிட்டீர் என்று முகத்துக்கு நேரே கண்டித்தார். கேட்க விரும்பாதவனைக் கட்டாயப்படுத்திக் கேட்கச் செய்ய முயன்ற ஆளுநர் அன்று இருந்தார். கேட்கும் உரிமையையே சந்தேகிக்கும் அரசு நம் காலத்தில் இருந்தது. இரண்டுக்கும் எதிராக நின்றோர் அதே சபையின் மாந்தரே.

பெருநாட் கேள்விகளுக்கு வருவோம். பிறைக் கேள்விக்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை. சந்திர மாதம் இருபத்தொன்பது நாளாகவும் இருக்கலாம், முப்பது நாளாகவும் இருக்கலாம். தலைப்பிறையைக் கண்ணாற் கண்டு மாதத்தைத் தொடங்குவது முறை. இந்நாட்டிலே கண்ட பிறையையே கொள்வதா, உலகில் எங்குக் கண்டாலும் கொள்வதா என்பதில் அவர்களுக்குள் வழக்குண்டு. கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலே கூடி எடுக்கப்படும் முடிவைப் பெரும்பாலோர் ஏற்பர், சிலர் ஏலார். இதைக் கேட்டு நகைப்பவர் வீட்டுச் சுவரிலே வாக்கிய பஞ்சாங்கம் தொங்குகிறதா, திருக்கணித பஞ்சாங்கம் தொங்குகிறதா என்று பார்க்கவேண்டும். சித்திரை வருடப் பிறப்புக்கு ஆண்டுதோறும் இரண்டு நேரங்களைக் குறித்துவைத்திருக்கும் நாம், பிறையைக் கண்டு நகைப்பது பொருந்தாது.

குர்பான் பற்றிய கேள்வி இதனிலும் ஆழமானது. உயிர்வதையை அடியோடு மறுக்கும் ஒருவர் இதைக் கேட்பாராயின் அவர் முன் நான் தலைவணங்குவேன். வள்ளலார் வழி நிற்பவருக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் பங்குனியிலும் ஆனியிலும் தம் குலதெய்வக் கோவிலில் கடாவும் சேவலும் வெட்டி மடை வைப்பவர் கேட்பாராயின்? 2011-இல் முன்னேசுவரம் பத்திரகாளியம்மன் கோவில் வேள்விக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளை அமைச்சரொருவர் ஆட்களோடு வந்து எடுத்துச் சென்றபோது, நம்மவர் பலர் அதைச் சமய உரிமையின்மீது விழுந்த அடியென்றே சொன்னார்கள். அந்த அளவுகோல் பள்ளிவாசல் வாசலில் ஏன் நீளம் மாறுகிறது? பெருநாள் மாட்டை வளர்த்து, விலை பேசி, பணத்தை எண்ணி மடியிற் கட்டிக்கொண்டவர் யார் என்பதையும் இந்த வன்னி மண்ணிலே கேட்டுப்பார்க்கலாம்.

இக்கடமையின் உள்ளே இருக்கும் பொருளாதாரத்தை நம்மவர் அறிந்ததாகத் தெரியவில்லை. ஓர் ஆடு ஒருவருக்கு. ஒரு மாட்டிலே எழுவர் பங்குகொள்ளலாம். பிராணி நோயுற்றதாகவோ நொண்டியாகவோ இருத்தலாகாது. கழிவுப் பொருளைத் தருமம் செய்ய இடமில்லை என்பது இதன் கருத்து. இறைச்சியை வறியவர்க்குக் கொடுக்கவேண்டும். தனக்கு, உறவினர்க்கு, வறியோர்க்கு என மூன்றாகப் பகிர்வது பரவலான வழக்கம். இறைச்சியையும் தோலையும் விற்றுக் காசாக்குதல் கூடாது. அறுப்பவனுக்கு அவ்விறைச்சியையோ தோலையோ கூலியாகக் கொடுத்தலும் கூடாது. கூலியைத் தனியே பணமாகக் கொடுத்தல் வேண்டும். உழைப்பவனுடைய கூலி வேறு, ஏழைக்குரிய பங்கு வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க வழியில்லை. அறுவடையில் உழைத்தவனுக்கு உரிய கூலியைக் குறைத்துவிட்டு, அவனுக்கே அன்னதானம் போட்டுப் புண்ணியம் தேடும் காணிக்காரர்கள் எல்லாச் சமயத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இச்சட்டம் பாடமாகும்.

நோன்புப் பெருநாளிலும் இதே நோக்கைக் காணலாம். வீட்டிலுள்ள ஒவ்வொரு தலைக்கும், முதல் நாள் பிறந்த குழந்தை உட்பட, ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி வறியவர்க்குச் சேரவேண்டும். அதுவும் பெருநாள் தொழுகைக்கு முன்பே சேரவேண்டும். தொழுதபின் கொடுத்தால் அது வெறும் தருமமாகிவிடும். ஊரிலே ஒருவன் அடுப்பு மூட்டாதிருக்க, நீ புத்தாடை உடுத்தித் தொழச் செல்லாதே என்பதுதான் இதன் பொருள். இதைப் பொதுவுடைமை என்று நான் சொல்லவரவில்லை. சொத்துடைமையை இது தொடுவதில்லை. வறுமையின் வேரையும் இது அறுப்பதில்லை. ஆயினும் பெருநாளின் மகிழ்ச்சியைத் தனியுடைமையாக்க மறுக்கும் ஒரு சமூக உணர்வு இதிலே உண்டு. அதைக் காணாது, அறுத்த மாட்டை மட்டும் காண்பவன் அரைக்கண்ணன்.

இனி, பள்ளிவாசலின் பக்கம் திரும்பிச் சில சொல்லவேண்டும். 'வெளியில் நிற்பவனுக்கு இதில் என்ன உரிமை' என்பார்களாயின், குத்பா நிகழ்வது என் மொழியிலே என்பதே என் விடை. என் மொழியிற் பேசப்படுவதைப் பற்றி எனக்கு அக்கறை உண்டு.

பெண்களைப் பற்றிய கேள்வியைப் பகைவன் கேட்கிறான் என்பதற்காக அக்கேள்வி பொய்யாகிவிடாது. பெருநாள் திடலுக்குப் பெண்கள் அனைவரும் வரவேண்டும். தொழக்கூடாத நாட்களில் இருப்பவரும் வந்து ஓரமாய் நின்று அந்நன்மையிற் பங்குகொள்ளவேண்டும் என்று நபிகள் பணித்ததாக ஹதீஸ் நூல்களே கூறுகின்றன. ஒரு பெருநாளில், தம் குரல் பெண்களுக்கு எட்டவில்லை என்று எண்ணிய அவர், அவர்கள் இருந்த இடத்துக்கே சென்று மீண்டும் பேசினார். பிலால் தம் ஆடையை விரித்துப் பிடிக்க, பெண்கள் தம் காதணிகளையும் மோதிரங்களையும் தருமமாக இட்டார்கள். கேட்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இன்றும் நம் நாட்டின் பல பள்ளிகளிலே பெண்ணுக்கு ஓர் இடம் இல்லை. சீதனம் பற்றிய குத்பாவை ஆண்களே பேசி, ஆண்களே கேட்டு, வீட்டுக்கு வந்து மறந்துவிடுகிறார்கள். சீதனத்துக்காக வீட்டையும் வளவையும் ஈடுவைக்கும் தாய் அதைக் கேட்டதே இல்லை.

பேசும் பொருள் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். தொழுகையை நீட்டிக் குத்பாவைச் சுருக்குதல் அறிவுடையவனின் அடையாளம் என்பது நபிமொழி. இன்றைய பேச்சுக்கள் சிலவற்றில் நேரத்தின் பெரும்பகுதி, கந்தூரி ஆகுமா ஆகாதா, மௌலூது ஓதலாமா கூடாதா, அந்த ஜமாஅத்து வழிதவறியதா இந்த ஜமாஅத்து வழிதவறியதா என்ற வாதங்களிலே கழிகிறது. மீளக்குடியேறியவனின் காணி உறுதி என்னவாயிற்று, வீட்டுத்திட்டத்தில் அவன் பெயர் ஏன் விடுபட்டது, நுண்கடன் நிறுவனத்தின் வட்டியால் நசுங்கும் பெண்ணுக்கு யார் துணை என்பவற்றுக்கு மிம்பரில் எத்தனை வெள்ளிக்கிழமைகள் ஒதுக்கப்படுகின்றன? வட்டியைத் தடைசெய்த சமயத்தின் மேடைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் ஏது? எங்கள் கோவில் மேடைகளும் இவற்றைப் பேசுவதில்லை என்பதை நான் அறிவேன். அது மிம்பரின் மௌனத்துக்குச் சமாதானமாகாது.

நாம் ஏன் செவிமடுக்காதவர் ஆனோம் என்ற கேள்விக்கு வரலாற்றிலே விடை உண்டு. 1990 ஆகஸ்ட் 3, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றிரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்ரோபரில், விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டிலிருந்த வடபகுதியிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடும் வயலும் கடையும் இழந்து, பெரும்பாலோர் புத்தளத்து அகதிக் குடிசைகளில் ஒரு தலைமுறையைக் கழித்தனர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நமது மன்னார் வீதியின் சாளம்பைக்குளத்தவரும் அவ்வாறு சென்று திரும்பியவர்களே. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வடக்கின் தமிழ்ப் பிள்ளைகள் பாங்கொலி கேளாமலே வளர்ந்தனர். அவர்களே இன்று ஆசிரியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் இருந்து, 'என்ன பேசுகிறார்கள்' என்று கேட்கிறார்கள். இந்த அறியாமை இயற்கையாய் விளைந்ததன்று; துப்பாக்கி முனையில் உண்டாக்கப்பட்டது. அதை இன்னும் பேணிக் காப்பது மட்டும் நம் சொந்தத் தெரிவு. தேர்தல் வந்தால் 'தமிழ் பேசும் மக்கள்' என்று முஸ்லிம்களையும் சேர்த்து எண்ணுகிறோம். அவர்கள் பேசும் தமிழைக் கேட்க மட்டும் நமக்கு நேரமில்லை.

தமிழ் இலக்கியம் நம்மைப்போல் நடந்துகொள்ளவில்லை. 1572-இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா', முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுட் காலத்தால் முந்தியது எனப்படும். மசலா என்றால் வினா. அப்துல்லா இப்னு ஸலாம் என்னும் யூத அறிஞர் நபிகளிடம் ஆயிரம் வினாக்களைக் கேட்கிறார், விடை பெறுகிறார். இஸ்லாத்தைப் பற்றி அயற் சமயத்தவன் நேரே வந்து கேள்வி கேட்பதையே தமிழ் ஒரு காவியமாக்கிக்கொண்டது. கேள்வி அங்கே குற்றமாகவில்லை. ஏனெனில் கேட்டவர் எதிரே அமர்ந்து கேட்டார். விடை முடியும்வரை இருந்தார். 1885-இல் ஈழத்தின் முதல் தமிழ் நாவலான 'அஸன்பேயுடைய கதை'யைத் தந்தவர் கண்டிச் சித்திலெப்பை. முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த தொண்டை ஆராய்ந்து 1953-இல் நூலாகத் தந்தவர் ம. மு. உவைஸ். இவ்வளவும் இருந்தும், சீறாப்புராணத்துச் செய்யுள்கள் சிலவற்றைப் பரீட்சைக்கு மனனம் செய்வதோடு நம் மாணவரின் அறிமுகம் முடிந்துவிடுகிறது. வாரந்தோறும் ஆயிரமாயிரம் மக்கள் ஒன்றுகூடிக் கேட்கும் இன்றைய தமிழ்ப் பேச்சுமரபு ஒன்று பக்கத்து ஊரிலேயே இருப்பதை எந்தத் தமிழாசிரியர் மாணவனுக்குச் சொல்கிறார்?

ஆகவே, கேளுங்கள். கேட்பது தவறன்று, கேளாதிருப்பதே தவறு. ஆனால் அவர் எழுந்து சென்றபின் கேளாதீர்கள். அடுத்த மேசைக்குச் சென்று கேளுங்கள். பாடசாலைத் தமிழ்த்தின மேடைக்குப் பட்டாணிச்சூர் மௌலவியையும் அழையுங்கள். சொல்லாட்சிபற்றி அவர் மாணவரோடு பேசட்டும். பெருநாளன்று அழைத்தால் செல்லுங்கள். அவர்களையும் பொங்கலுக்கு அழையுங்கள். பள்ளிவாசலில் மடமை பேசப்பட்டால், கோவிலில் பேசப்படும் மடமையைக் கண்டிக்கும் அதே குரலில், அதே சுருதியில் கண்டியுங்கள். மிம்பரில் நியாயம் பேசப்பட்டால் அதைத் தமிழின் நியாயமாக எடுத்துச் சொல்லுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அரசு கேட்டபோது ஒலிப்பதிவுகளைக் கொடுக்கவேண்டியதாயிற்று. அயலவன் கேளாமலே அவனை உள்ளே அழைத்து ஒரு பாயை விரித்துவிடுங்கள். அங்கே அவன் கேட்கப்போவது அவனுடைய தாய்மொழியைத்தான்.